பூ வைக்காத வனஜா

மழை பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எனக்கு நல்ல காய்ச்சல். ஈஜிபுரா மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கூடையோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொம்மசந்திராவில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்திறங்கிய வனஜா, கூடையில் இருந்த மல்லிகை மொத்தத்தையும் வாங்கிக்கொண்டாள். "வேண்டுதலாம்மா?" என்று கேட்டேன். "ஆமாக்கா" என்று உள்ளே போய்விட்டாள். "பூக்கார அக்கா காய்ச்சலோட உக்காந்திருக்கு சாமி. பூ தீந்தாதான் வீட்டுக்குப் போகும்" என்று அவள் பூசாரியிடம் சொன்னது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அவள் தலையில் மட்டும் ஒரு நாளும் பூ இருந்ததில்லை. வாராவாரம் வாங்குவாள், "சாமிக்கு" என்பாள். அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி பாகீரதி ஒருமுறை என் எதிரிலேயே கேட்டுவிட்டாள். "புருஷன் கல்லாட்டம் இருக்கான். தலையப் பாரு, வெறிச்சுனு. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?"

வனஜா சிரித்தாள். "எங்க குளவிங்க மாமியார் மாதிரிக்கா. பூ வெச்சிட்டுப் போனா ஆகாது."

அவள் வேலை செய்த கம்பெனியில் கடுகைவிடச் சின்னக் குளவிகளை வளர்த்தார்கள். மாட்டுக்குப் போடும் புல்லையும் தீவனச் சோளத்தையும் படைப்புழு தின்றுவிடுகிறதல்லவா, அந்தப் புழுவின் முட்டைக்குள் இந்தக் குளவி தன் முட்டையை வைத்துவிடும். பிறகு அதிலிருந்து புழு வராது, குளவிதான் வரும். மருந்து அடிக்க வேண்டாம், பாலில் விஷம் சேராது. குளவியை வளர்க்க அந்துப்பூச்சியின் முட்டை வேண்டும். கம்பு தானியம் போட்ட பெட்டிகளில் அந்துப்பூச்சி வளர்க்கும் அறைதான் வனஜாவுடையது. பூவிலே ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத பேன் ஒன்று உள்ளே போனாலும் அத்தனையும் பாழாம். அதனால் பூ கூடாது, பவுடர் கூடாது, புகை கூடவே கூடாது.

அந்துப்பூச்சி இறக்கையின் தூள்தான் அவள் நெஞ்சுக்குள் இறங்கியது. முதலில் இருமல், பிறகு இழுப்பு. "அந்த ரூமை நீ விடும்மா, இல்லேன்னா மூச்சு உன்னை விட்டுடும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆயுத பூஜை முடிந்ததும் பேக்கிங்கிற்கு மாற்றுவதாகக் கம்பெனியில் ஒத்துக்கொண்டார்கள். அம்மனுக்கு நான் விளக்குப் போட்டேன்.

பூஜை அன்று வனஜா ஆஸ்பத்திரியில் இருந்தாள். புதிதாக வந்த சூப்பர்வைசர் சுதீர், நல்ல பையன், பக்தியுள்ளவன். மெஷினுக்கெல்லாம் குங்குமம் வைத்தவன், சாமி புகைதானே என்று குளவி அறைக்குள்ளும் சாம்பிராணி காட்டிவிட்டான். காலையில் பார்த்தால் தட்டெல்லாம் மிளகுப்பொடி தூவின மாதிரி குளவிகள் செத்துக் கிடந்தன. மூலையில் குளவி அடைத்த ஒரே ஒரு பாட்டில் மட்டும் பிழைத்திருந்தது.

"வனஜக்கா, ஏனாத்ரூ மாடி" என்று அவளிடம் வந்து கன்னடத்தில் அழுதானாம். ஏதாவது செய்யுங்கள் என்று. ஆனேக்கல் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் சோளம் விதைத்துவிட்டுக் குளவிக்குக் காத்திருந்த சமயம் அது. அந்த ஒரு பாட்டிலைப் பெருக்க வேண்டுமானால் அந்துமுட்டை மலையாக வேண்டும். கைப்பழக்கம் உள்ளவள் வனஜா ஒருத்திதான். மறுபடியும் அந்த அறைக்குப் போனாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உன் மூச்சு பெருசா, மாட்டுப் புல்லு பெருசாடி?"

"புல்லுக்காக இல்லக்கா. ஆர்டர் போச்சுன்னா அந்தப் பையனை வெளிய அனுப்பிடுவாங்க. சாமி கும்பிட்டதுக்கு ஒருத்தன் வேலை போகலாமா? நீயே சொல்லு."

நானே தினமும் சாமி வாசலில் உட்கார்ந்து பிழைக்கிறவள்.

முகத்துக்குத் துணி கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டினால் மூச்சு முட்டுகிறதென்று கழற்றிவிடுவாள். கார்த்திகையில் குளவி பெருகிவிட்டது. குளவி ஏறிய முட்டைகளை ஒட்டின அட்டைகள் ஆனேக்கலுக்குப் போயின, சுதீர் வேலையும் தப்பியது. வனஜாவால் பஸ் ஸ்டாப்பிலிருந்து கோயில்வரை நடக்க முடியவில்லை. என் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். பிறகு அதற்கும் வரவில்லை.

தை மாதம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். அவள் புருஷன் கோவிந்தராஜன் முதுகை நீவிக்கொண்டிருந்தார். சுதீர் வந்து ஆப்பிள் வைத்துவிட்டுப் போயிருந்தான், அது அப்படியே இருந்தது. அன்று விற்றுத் தீர்ந்து என் கூடை காலி. அவளை உயிரோடு நான் பார்த்தது அதுதான் கடைசி. கிளம்பி வாசலுக்கு வந்த என்னைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னாள்.

"நாளைக்கு ஒரு முழம் எடுத்துட்டு வாக்கா. சாமிக்கு இல்ல, எனக்கு. இப்ப வெச்சிக்கலாம்ல?"