இல்லை என்று சொன்ன பாட்டு

பிள்ளைகளே, நேற்று உங்கள் பள்ளி வாசலில் காத்திருந்தபோது உள்ளே ஆர்மோனியம் கேட்டது. விழாவில் எல்லோரும் சேர்ந்து பாடப் பாட்டுகள் தேர்ந்தெடுக்கிறார்களாம். எனக்கு என் பள்ளி விழா ஞாபகம் வந்துவிட்டது.

பல மொழிக்காரர்கள் குடியேறிய தீவில், நான் சிறுவனாகப் படித்த சௌல்தாரிப் பள்ளியில் எங்கள் வங்காளி டீச்சரும் அப்படித்தான் ஆர்மோனியத்தோடு உட்கார்ந்து மொழிக்கு ஒரு பாட்டு கேட்டார். வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழ். அம்மா தேங்காய் துருவிக்கொண்டே எனக்கு ஒரு நடவுப் பாட்டு சொல்லித் தந்திருந்தாள். என் முறை வந்ததும் பின்னாலிருந்தவன், "இப்ப இண்டு குண்டுன்னு பாடுவான் பாரு" என்று தமிழைக் கேலிசெய்து இந்தியில் சொல்லிச் சிரித்தான்.

"எங்க வீட்டுல பாட்டே கிடையாது டீச்சர்" என்றேன்.

விழாவன்று அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வங்காளம், தெலுங்கு, மலையாளம் எல்லாம் முடிந்தன. தமிழ் வரவில்லை என்றதும் அம்மா நேரே டீச்சரிடம் போனாள். "டீச்சர்ஜி, ஹமாரா தமிழ் கானா, எங்க தமிழ்ப் பாட்டு எங்கே? எம்புள்ள நல்லாப் பாடுவானே!"

டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "மன்னிச்சிடுங்கம்மா, நான்தான் மறந்துட்டேன்" என்று இந்தியில் சொன்னார்.

"விடுடா, அவங்களுக்கு எவ்வளவோ வேலை" என்று வழியெல்லாம் அம்மா என்னைத் தேற்றிக்கொண்டே வந்தாள். நானும் தேறியதுபோல் நடித்தேன்.

இன்றுவரை அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. நீங்கள் முந்திக்கொண்டு பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்கிறேன்.