ஜெயமேரி டீச்சர் அளவு கொடுத்த வண்டி

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நம் ஞாயிற்றுக்கிழமை வண்டிக் குழுவில் எல்லோருடைய ஃபோனும் ஒன்றாகச் சத்தம் போடும் என்று தெரியும். ஆனால் விடியும்வரை வைத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

டீச்சர் போன செய்தி அன்று வந்தபோது பாப்பாவுக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரின் கணவர் அருள் அண்ணன்தான் கூப்பிட்டார். "கீதா, மேரி எந்திரிக்கலம்மா" என்றார். அவ்வளவுதான். தூக்கத்திலேயே நெஞ்சடைப்பு. அதற்குப் பிறகு என்னிடம் பேசிய எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "ஆக்சிடென்ட்டா, தொப்பூர் மேட்டுலயா?" பால்காரர் கேட்டார், பள்ளி வாட்ச்மேன் கேட்டார், என் மாமியாரும் கேட்டார். இல்லை. தினமும் லாரிகளுக்கு நடுவே அந்த மேட்டில் ஏறி வந்து, தர்மபுரியில் எங்கள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, மறுபடி இறங்கிப் போனவர் அவர். அங்கே ஒருநாளும் வண்டியைக் கீழே விட்டதில்லை. உங்களிடம் கேட்பவர்களுக்கும் இதைத் தலைநிமிர்ந்தே சொல்லுங்கள்.

அந்த குரூசர் மோட்டார் சைக்கிளை வாங்கப் போன கதையை டீச்சர் சொல்லி எத்தனை முறை சிரித்திருப்போம். ஷோரூமில் இருந்தவர் அருள் அண்ணனைப் பார்த்தே பேசினாராம். "மேடம் பின்னாடி உக்கார வசதியா இருக்கும் சார்."

"அவருக்கு சைக்கிளே தள்ளாடுங்க. எனக்குச் சொல்லுங்க."

ஏறி உட்கார்ந்தால் கால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. கால் வைக்கிற கம்பி வெகுதூரம் முன்னால் இருந்ததால் கியர் போட இடுப்பையே நகர்த்த வேண்டியிருந்தது. இந்த வண்டி உங்களுக்கு ஒத்துவராது மேடம் என்று அவர் தயங்கியபோது டீச்சர் கேட்டாராம்: "ஜாக்கெட் இறுக்கிப் புடிக்குதுன்னா கைய வெட்டிக்கறமா? பிரிச்சுத்தான தைக்கறோம்?"

சொன்னபடியே பிரித்துத் தைத்தார். பின்னால் குட்டையான ஷாக் அப்சார்பர் மாட்டினார். பின்பக்கம் மட்டும் இறங்கியதில் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுப் புளியமர உச்சியைக் காட்டியது. முன்பக்கத்தையும் இறக்கச் சொன்னார். கால் கம்பி, கியர், பிரேக் எல்லாவற்றையும் முழங்கால் சுகமாக மடங்கும் இடத்துக்குப் பின்னே நகர்த்தினார். சைடு ஸ்டாண்டை மட்டும் எல்லோரும் மறந்துபோனார்கள். வண்டி இறங்கிவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருந்தது. சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நெட்டுக்குத்தலாக நின்றது. பாலக்கோடு தக்காளி மண்டியில் ஒரு டிராக்டர் உரசாமல் போனதற்கே ஸ்டாண்டு இல்லாத பக்கமாகச் சரிந்து, ஓர் அம்மாவின் தக்காளிக் கூடைகள் மேல் படுத்துக்கொண்டது.

"ஏன் டீச்சரம்மா, நிக்கத் தெரியாத வண்டிய எதுக்கு ஓட்டறீங்க?"

"ஓடறதுல பாஸாயிருச்சுங்க. நிக்கறதுலதான் ஃபெயிலு."

நசுங்கியதை எல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். அந்த வாரம் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தக்காளித் தொக்கு. ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் வைத்த பிறகு வண்டி நிற்பதிலும் பாஸானது. அந்த வண்டியின் பின்னால், ஞாயிறு காலை அவர் சர்ச்சில் பூசை முடித்து வந்ததும், நாம் ஸ்கூட்டிகளில் வரிசையாகப் போனதைத் தொப்பூர் டீக்கடைகள் எல்லாம் எட்டிப் பார்த்தன. எனக்கு அதில் இருந்த பெருமை இன்னும் குறையவில்லை.

பாப்பா பிறந்த பிறகு நான் ஸ்கூட்டியைத் தொடவே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். லாரி ஹாரன் கேட்டாலே எனக்கு ஏதாவது ஆனால் குழந்தை என்னாகும் என்றுதான் தோன்றும். ஒரு நாள் பள்ளி மைதானத்தில் டீச்சர் தன் வண்டியை என் முன்னால் நிறுத்தினார்.

"ஏறு கண்ணு."

"வேணாங்க டீச்சர். பயமா இருக்குது."

"பயம் அது பாட்டுக்கு இருக்கட்டும். ரெண்டு குதிகாலும் தரையில இருக்குதா, அத மட்டும் பாரு."

இருந்தது. அவர் உயரம்தான் என் உயரமும். "பாத்தியா, உனக்கும் சேத்துத்தான் அளவு குடுத்திருக்கறேன்" என்று சிரித்தார். மைதானத்தைச் சுற்றி வந்தேன். ரோட்டுக்கு மட்டும் அன்று போகவில்லை.

இன்று சாயங்காலம் தொப்பூருக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஞாயிறு மதியம் ஓசூரிலிருந்து அருள் அண்ணனின் அண்ணன் மகன் வருகிறானாம். நெட்டையானவன். டீச்சர் வண்டியில் பழைய ஷாக் அப்சார்பரைப் போட்டு, கால் கம்பியை முன்னால் தள்ளி, தன் உயரத்துக்கு மாற்றி எடுத்துப் போவானாம்.

"மாத்த வேண்டாங்கண்ணா" என்று சொல்லிவிட்டேன்.

"நீ ஓட்டறதுன்னா எடுத்துக்கம்மா. நிறுத்தி வெச்சுக் கும்புடறதுக்குன்னா வேணாம். மேரிக்கே அது புடிக்காது. அவன் வர்றதுக்குள்ள சொல்லிரு."

ஏறி உட்கார்ந்து பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் பதிந்தன. கியர் கால் போன இடத்திலேயே இருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது இந்த உயரம்தான். யாரும் இதை ஏற்றிவிடக் கூடாது.

வீட்டுக்காரர், "பாப்பாவ நான் பாத்துக்கறேன், மேட்டுல மட்டும் தனியா ஏறாத" என்கிறார். பயம் அப்படியேதான் இருக்கிறது. ஞாயிறு காலை தொப்பூரிலிருந்து தர்மபுரிவரை வண்டியைக் கொண்டுவர வேண்டும். உங்களில் ஒருவர் ஸ்கூட்டியில் எனக்கு முன்னால் மேட்டில் ஏறினால் போதும், நான் பின்னால் வந்துவிடுவேன். அருள் அண்ணனுக்கு நாளைக்கே சொல்ல வேண்டும். யார் வருகிறீர்கள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.