பம்பரத்தின் டெலிபோன்

எலுமிச்சம்பழம் தரையைத் தொடுவதற்குள் கறிக்கடைப் பம்பரத்தின் இடது கால் அதை ஏந்திவிடும். குனிய மாட்டார். புறங்காலால் ஒரு தட்டு. பழம் கைக்கு வந்துவிடும். வலது கை செம்புக் கொப்பரையில் பன்றிக்கறியைக் கிளறிக்கொண்டேயிருக்கும். கறி வாங்க வருகிறவர்கள் வேண்டுமென்றே பழத்தைத் தள்ளிவிடுகிறார்கள். பக்கத்துக் கடையில் சோள ரொட்டி போடும் நானே தள்ளிவிட்டிருக்கிறேன்.

"கறி திங்க வந்தீங்களா, சர்க்கஸ் பார்க்க வந்தீங்களா?" என்று அதட்டுவார். கால் என்னவோ அடுத்த பழத்துக்குத் தயாராக நிற்கும்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எபிஃபானியோ. கால்பந்தில் தடுக்க வந்தவனைச் சுற்றிக்கொண்டு போனதால் பம்பரம். மெக்சிகோவுக்காக ஆடிய நாட்களில், கோல் போட்டதும் இடது பூட்ஸைக் கழற்றிக் காதில் வைத்து டெலிபோன் பேசுவார். மைதானமே எழுந்து, எங்கள் ஊர் 'ஹலோ'வான "புவேனோ!" என்று பதில் கொடுக்கும். நடுவர் மஞ்சள் அட்டையோடு ஓடிவந்தால், "இருங்கய்யா, பேசி முடிச்சிடறேன்" என்று கையமர்த்துவார். யாருக்குப் போன் போட்டார் என்று இன்றுவரை சொன்னதில்லை. எனக்குத்தான் என்று பூக்கடை ஒப்துலியா புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாதிப்பாள்.

ஊரில் எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் ஞானத்தந்தை இவர்தான். மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. பிள்ளையின் அப்பனும் ஞானத்தந்தையும் எங்கள் பக்கத்தில் கொம்பாத்ரே. அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளலாம். கொம்பாத்ரேக்கள் முகம்கூடச் சுளிக்கக் கூடாது. 'வாடா போடா' என்று புழுதியில் ஒன்றாகப் புரண்ட ரெஃபூஹியோகூட, மகளின் ஞானஸ்நானத்துக்குப் பிறகு 'வாங்க போங்க' ஆகிவிட்டார்.

வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் ஆட்டத்தில் எதிரணியில் பாதிப் பேர் கொம்பாத்ரேக்கள். முழங்கையால் இடிக்க முடியுமா? பந்தைப் பறித்த கையோடு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று நின்றுவிடுவார். இப்படியே எங்கள் சந்தை அணி வருஷா வருஷம் கோப்பையை ஆற்றங்கரை அணிக்குத் தாரைவார்த்தது. அவர்களுடைய கோல்கீப்பர்தான் ரெஃபூஹியோ.

போன ஞாயிறு இறுதி ஆட்டம். அணிக்கொரு கோல். கடைசி நிமிஷத்தில் எங்களுக்குப் பெனால்ட்டி. பந்து பம்பரத்தின் கைக்குப் போனது. இந்த மனுஷன் கொம்பாத்ரேயின் மடியிலேயே பந்தை உருட்டிவிடுவாரே!

பந்தை வைத்துவிட்டு நேரே கோல் கம்பத்துக்கு நடந்தார்.

"கொம்பாத்ரே, தப்பா எடுத்துக்காதீங்க. எந்தப் பக்கம் அடிக்கட்டும்?"

ரெஃபூஹியோவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பிச்சை போடுறீங்களாக்கும்? ஊரையெல்லாம் கூப்பிட்டுப் பேசின காலு, என் முன்னால மட்டும் ஊமையாயிடுது. நெசமா அடிங்க. வேணும்னே விட்டீங்க, என் பொண்ணு கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடவே மாட்டேன்!"

பம்பரம் திரும்பி வந்தபோது வாயெல்லாம் பல்.

இடி மாதிரி அடித்தார். ரெஃபூஹியோ சரியான பக்கம்தான் பாய்ந்தார். விரல் நுனியை உரசிக்கொண்டு பந்து வலைக்குள் போயிற்று. ஒப்துலியா புருஷனை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன். அதிலென்ன வெட்கம்?

இடது பூட்ஸைக் கழற்றினார் பம்பரம். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். அவர் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. நொண்டியடித்துப் போய், புழுதியில் கிடந்த ரெஃபூஹியோவின் பக்கத்தில் உட்கார்ந்து, பூட்ஸை அவர் காதில் வைத்தார்.