ஆரஞ்சுக் கேபிளுக்குத் தனி வழி

பனி உள்ளே நுழைந்ததும் எவலின் ஸ்க்ரூடிரைவரை இடுப்புப் பையில் செருகிவிட்டு, மாடி நடைவழியில் மெல்ல நடக்கத் தொடங்குகிறார். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே வருகிறது. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. தூக்கத்தில் நடக்கிறாரோ என்று முதல் நாள் நான் பயந்தே போனேன். “பொகையும் இப்படித்தான்லா வரும். இதுல எனக்கு வழி தெரியுதான்னு பாக்குறேன்,” என்றார்.

தேயிலைச் சரிவின் ஓரத்தில் கட்டி முடியப்போகிற முதியோர் இல்லம் இது. ஜன்னல்களுக்கு இன்னும் கண்ணாடி வரவில்லை. பனி யாரையும் கேட்காமல் வந்து போகிறது. கீழே திரிங்காப் சாலையில் கோஸ் ஏற்றிய லோரிகள் விளக்கோடு ஊர்கின்றன. சத்தமே கேட்பதில்லை. இங்கே நின்றால் பெயிண்ட் அடிக்க வந்த காரியமே எனக்கு மறந்துவிடுகிறது.

எவலினும் கணவர் ரொனால்டும் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள். ஒயரிங் தொழில். லைட், சுவிட்ச், ஹீட்டர் எல்லாம் ரொனால்டின் பாடு. தீ மணிக்கும் படிக்கட்டு அவசர விளக்குக்கும் போகிற ஆரஞ்சு நிறக் கேபிள் எவலினுடையது. அது நெருப்புக்குள்ளும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஆட்கள் வெளியேறும்வரை மணி அடிக்கும், விளக்கு எரியும். அதை மற்ற ஒயர்களோடு சேர்க்காமல், இரும்புக் கிளிப் போட்டுக் கான்கிரீட்டில் தனியாகப் பொருத்துகிறார். சாப்பாட்டிலும் இதே குணம். நாசி லெமாக் பொட்டலத்தில் மிளகாய்ச் சம்பல் தேங்காய்ப்பால் சோற்றைத் தொட்டுவிட்டால் முகம் சுளிக்கிறார். “இவளுக்குச் சம்பலுக்கும் கிளிப்பு போடணும்,” என்று ரொனால்ட் கிண்டலடிப்பார்.

நேற்று சீலிங் பலகை போடுகிறவர்கள் வந்து காத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்து கட்டடத்துக்கு ஜெபிக்கிறார்; அதற்குள் சீலிங்கை மூடியாக வேண்டும். மூடுமுன் ஒரு பார்வை பார்க்க எவலின் ஏணியில் ஏறினார். ரொனால்ட் தன் ஒயர்களை அவருடைய ஆரஞ்சுக் கேபிளோடு சேர்த்து, நடைவழி நெடுக பிளாஸ்டிக் பட்டையால் கட்டியிருந்தார்.

“என்னங்க இது?”

“டைம் இல்ல எவி. மூடிட்டா யாருக்குத் தெரியும்? விடுலா.”

“தீ புடிச்சா ஒங்க ஒயரு உருகி விழும். என்னோடதையும் இழுத்துக்கிட்டுத்தான் விழும்.”

“இந்தக் குளிருல தீயாம்!”

மாடியில் கடைசி அறை ரொனால்டின் அண்ணன் மார்கஸுக்கு. பக்கவாதம் வந்தபின் கால் எழாதவர். அடுத்த மாதம் குடிவருகிறார்.

எவலின் சண்டை போடவில்லை. அந்த அறைக்குப் போய் இரும்புக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கால்களைத் துவளவிட்டு, இரண்டு கைகளையும் கணவர் பக்கம் நீட்டினார். “ஒங்க அண்ணன்னு நெனச்சுக்குங்க. தூக்கிக்கிட்டு வெளிய போங்க.”

ரொனால்ட் சிரித்துக்கொண்டேதான் தூக்கினார். நடைவழியில் பனி அடைத்துக்கொண்டிருந்தது. விளக்கில்லை, மணியில்லை. ரொனால்டின் முழங்கை சுவரில் இடித்தது. இன்னும் நாலு அடி போனதும் மறுபடியும் இடித்தது. சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“எவி, படி எந்தப் பக்கம்?”

எவலின் அவர் கைகளில் கண்ணை மூடிக்கொண்டு கனமாகக் கிடந்தார்.

ரொனால்ட் மனைவியை மெதுவாக இறக்கிவிட்டார். எவலினுடைய இடுப்புப் பையிலிருந்து கட்டரை உருவிக்கொண்டு ஏணியில் ஏறினார். வெட்டுப்பட்ட பட்டைகள் பனிக்குள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. எவலின் குனிந்து, ஏணியின் கால்களை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.