மாமா சொல்லாத ஆபரேஷன்

என் அண்ணன் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டினார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அந்த இருக்கையில் உட்கார்ந்தவருக்கு முதுகு வலிக்கத்தானே செய்யும்? அவர் அப்படித்தான் நினைத்தார், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மேருவில் ஒரு சீனரிடம் போய் உருவிவிட்டுக்கொள்வார். இரண்டு நாள் தேவலை என்பார். மூன்றாவது நாள் மறுபடியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

ஒரு மத்தியானம், சரக்கு இறக்குகிற இடத்தில், லோரியிலிருந்து கீழே கால் வைத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காலில் பலம் இல்லை. கூட இருந்தவர்கள் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் டாக்டர், புராஸ்டேட்டில் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்றார். அண்ணனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது.

வெளியே வந்ததும் அண்ணி என்னைக் கேட்டார்.

"அது எங்க இருக்கு தம்பி?"

எனக்குத் தெரியும். ஆனால் அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை. "அடிவயித்துப் பக்கம், அண்ணி" என்று மட்டும் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்த இடத்தைப் பற்றிப் பேச யாரிடமும் வார்த்தை இருந்ததில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அப்பாவுக்கு இந்த நோய் இருந்ததா? இல்லை, அப்பா மாரடைப்பில் போனார். அப்பாவின் அண்ணன் தம்பிகள்? யாருக்கும் இல்லை. அதோடு முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். ஏதோ தோன்றி, "அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். நாற்பத்தாறு வயசில இறந்துட்டாங்க" என்றேன். ஆண்களின் நோயைப் பற்றிப் பேசும்போது இது எதற்கு என்ற தயக்கத்தோடுதான் சொன்னேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் வயதை இன்னொரு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். மரபணுவைச் சோதிக்க அண்ணனிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. விளக்கிச் சொல்வதற்கென்றே ஒரு பெண் இருந்தார். அவர் ஒரு தாளில் ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு எங்கள் குடும்பத்தை வரைந்தார். அண்ணனின் உடம்பில் பி.ஆர்.சி.ஏ. டூ என்ற மரபணு பிறவியிலேயே பழுதாகியிருக்கிறது, அநேகமாக அம்மா வழியாக வந்திருக்கும் என்றார். பெண்களுக்கு அது மார்பிலும் கருப்பைக்குப் பக்கத்திலுள்ள சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும், ஆண்களுக்கு புராஸ்டேட்டில். ஆண்களுக்கு வந்தால் பெரும்பாலும் சின்ன வயதில் வரும், வேகமாகப் பரவும். இருக்கிற எல்லோருக்கும் நோய் வரும் என்று இல்லை. ஆனால் பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுது வருவதும் வராததும் பாதிக்குப் பாதி.

அப்பா பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். நோய் அம்மாவிடமிருந்து நடந்து வந்திருந்தது.

"அம்மாவின் கூடப் பிறந்தவர்கள்?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"ஒரு தம்பி. பிரிக்பீல்ட்ஸில் இருக்கார். நல்லாத்தான் இருக்கார். முன்னே ஒரு ஹெர்னியா ஆபரேஷன், அவ்வளவுதான்."

"எதற்கும் கேட்டுப் பாருங்கள்" என்றார்.

மாமா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணனுக்கு என்ன நோய் என்று நான் சொன்னதும் மாமா டிவியை அணைத்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"எனக்கும் அதான்டா" என்றார்.

"எது மாமா?"

"ஹெர்னியா இல்ல. புராஸ்டேட். பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஆரம்பத்துலயே பார்த்துட்டாங்க, எடுத்துட்டாங்க."

"ஏன் மாமா சொல்லல?" என்று கேட்டேன்.

"எப்படிடா சொல்றது? ஆபரேஷனுக்கு அப்புறம் மூத்திரம் அடங்காம ஆறு மாசம் பேம்பர்ஸ் கட்டிக்கிட்டு இருந்தேன். உங்க அத்தையத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பதான் உன் பெரிய மச்சினிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டு இருந்தோம். அப்பனுக்கு கேன்சர்னா பொண்ணு எடுப்பாங்களா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "சொந்தக்கார ஆம்பளைங்க கிட்ட சொல்லுங்க, அவங்களும் செக் பண்ணட்டும்னு டாக்டர் சொன்னாருதான். எங்க அக்காவுக்கு வந்தது மார்ல, எனக்கு வந்தது இங்க. ரெண்டும் ஒண்ணுன்னு நான் கண்டேனா?"

கத்த வேண்டும் என்று வந்த கோபம் அந்தக் கேள்வியில் நின்றுவிட்டது. மாமா அன்றைக்கே சொல்லியிருந்தால் அண்ணன் நாற்பதைத் தாண்டியதுமே வருடா வருடம் ரத்தம் சோதித்திருப்பார். பிழைத்திருப்பாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் லோரியிலிருந்து விழும்வரை தெரியாமல் இருந்திருக்காது.

அன்று மாலை அண்ணன் கேட்டார். "மாமா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லண்ணே. ஹெர்னியாதானாம்."

ஏன் சொல்லவில்லை என்று மாமாவைக் கேட்டுவிட்டு வந்த நானே மறைக்க அரை நாள்கூட ஆகவில்லை. அண்ணன் மனம் வலிக்கக்கூடாது என்றுதான் பொய் சொன்னேன். மாமாவும் இப்படி ஏதோ ஒரு நல்ல காரணத்தைத்தான் வைத்திருந்தார்.

அந்தப் பொய் பத்து நாள் தாங்கியது. மாமா தானே ரயிலேறி கிள்ளானுக்கு வந்தார். அண்ணனின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். அண்ணன் அழவில்லை.

"நீங்க தப்பிச்சிட்டீங்க மாமா. நல்லது லா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியும், இல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீ எல்லாருக்கும் சொல்லணும். என் பேரைச் சொல்லியே சொல்லு. எந்த இடத்துல வந்துச்சுன்னும் சொல்லு."

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். ஊசி, மாத்திரை, கடைசியில் மோர்ஃபின். எண்பது கிலோ இருந்த மனிதரை நானும் அண்ணியும் ஒரு போர்வையைத் தூக்குவதுபோலத் தூக்கித் திருப்பிப் படுக்க வைத்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு எழுந்து நின்று சொன்னேன். அண்ணனின் பேரைச் சொன்னேன், இடத்தையும் சொன்னேன். அதற்குள் நானும் சோதித்திருந்தேன். எனக்கும் அந்தப் பழுதான மரபணு இருப்பதைச் சொன்னேன். யாரோ இருமினார்கள். மாமாவின் மூத்த மகள் அம்பாங்கிலிருந்து வந்திருந்தாள். தன் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இதெல்லாம் நாலு பேர் முன்னால பேசுற விஷயமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை. ஆனால் அவளும் போய்ச் சோதித்துக்கொண்டாள் என்று மாமா சொன்னார். முடிவு என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்கு இப்போது நாற்பத்தெட்டு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறேன். இதுவரை புராஸ்டேட்டைக் காட்டும் எண் ஏறவில்லை. முடிவு வருவதற்கு முந்தைய மூன்று நாட்கள் சாப்பாடு இறங்காது; மனைவி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பாள்.

அண்ணனின் மகனுக்கு இருபத்தொன்பது வயது. அவனும் லோரிதான் ஓட்டுகிறான், பந்திங் பக்கம், எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழம் ஏற்றுவது. போன மாதம் அவனைப் பார்க்கப் போனேன். சோதனைக்குப் பெயர் கொடுக்கலாம், நான் கூட வருகிறேன் என்றேன்.

"தெரிஞ்சிக்கிட்டு என்ன சித்தப்பா பண்றது? தினமும் அதையே நெனச்சிக்கிட்டு வண்டி ஓட்டவா?"

"உனக்கு இன்னும் டைம் இருக்குடா. நாப்பதுக்குள்ள தெரிஞ்சிக்கிட்டாப் போதும்."

"அப்பறம் பாக்கலாம்" என்றான். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான். அவன் கண்ணாடியை இறக்குவான் என்று நான் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றேன். அவன் எஞ்சினை முடுக்கி, செம்மண் பாதையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.