மருமவள அனுப்பி வைக்கச் சொல்லி மாமியார் குடுத்த லெட்டர்

முந்திரிக்கொட்டை சுடுற புகை ஒரு மாதிரி இருக்கும்... தொண்டையில போயி ஒட்டிக்கும், கண்ணு எரியும். செந்துறைப் பக்கம் இருக்கவங்களுக்குத் தெரியும்.

அந்தப் புகையிலதான் உக்காந்து மலரோட விசாவுக்கு லெட்டர் எழுதுனேன்.

மலர் என்கூட பெரம்பலூர்ல காலேஜ் படிச்சவ. செந்துறையில கட்டிக் குடுத்தாங்க. மாப்ள கதிர் லண்டன்ல நர்ஸ், அங்கயே நிரந்தரமா தங்குற உரிமையும் வாங்கிட்டாரு. கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தவரு மூணே வாரத்துல கெளம்பிட்டாரு. "ஆறு மாசத்துல கூப்டுக்குறேன்"னு சொல்லிட்டுப் போனாரு.

ஆறு மாசம் ரெண்டு வருசமாச்சு...

மொத தடவ போட்ட விசாவ ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரெண்டு பேரும் சேந்து வாழ்ந்தது ரொம்பக் கம்மி, இது நெசமான கல்யாணம்னு நம்ப முடியலன்னு காரணம் போட்டிருந்துச்சு.

மலர் அதப் படிச்சிட்டு சிரிச்சா. "ஊரே பந்தியில உக்காந்து சாப்டுச்சுடி... அந்த ஆபீசர் ஒருத்தரு சாப்புடல, அதான்."

அப்பறம் பாத்திரம் கழுவுறேன்னு கொல்லப்பக்கம் போனவ ரொம்ப நேரம் வரவே இல்ல.

அரியலூர் பஸ்ல ஏறுனாலே யாராச்சும் கேப்பாங்க. "இன்னும் போவலியா நீ?" கல்யாணம், காதுகுத்துன்னு எங்கயும் போறத விட்டுட்டா. அவ பொறந்த வூட்ல வேற, "இந்தத் தடவயும் வரலன்னா நீ இங்க வந்துரு, பேசித் தீத்துக்கலாம்"னு ஆரம்பிச்சிட்டாங்க. தீத்துக்குறதுன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும்.

லண்டன்ல இருக்குற வக்கீல் ஒருத்தரு கதிர்கிட்ட சொல்லிருக்காரு... ரெண்டு பேரையும் நல்லாத் தெரிஞ்சவங்க அவங்கவங்க பார்த்ததச் சொல்லி லெட்டர் குடுக்கட்டும்னு. நான் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர். லேப்டாப்ப தூக்கிட்டு ஒரு சனிக்கிழம செந்துறைக்குப் போனேன்.

என்னோட லெட்டர் சீக்கிரம் முடிஞ்சிருச்சு. மலரோட போன்ல மணி எப்பவும் லண்டன் மணிதான் ஓடும். மத்தியானம் எனக்குச் சோறு போட்டுகிட்டே, "இப்பதான் அவரு எந்திரிப்பாரு"ன்னுவா. அத அப்படியே எழுதுனேன்.

அடுத்து கதிரோட அம்மா, தனபாக்கியம்மா. புருசன் இல்ல, கதிர் ஒரே புள்ள. மலர் வந்த பின்னாடிதான் அந்த வூட்ல பேச்சு சத்தமே கேட்டுச்சுன்னு அக்கம்பக்கத்துல சொல்லுவாங்க. கொட்டை ஒடச்ச கருப்புக் கையோட வந்து என் பக்கத்துல உக்காந்தாங்க.

"கதிர் தெனம் போன் பண்ணுவாராம்மா?"

"பண்ணுவான். என்னைய 'சாப்டியா'ன்னு ஒரு வார்த்த கேப்பான். அப்பறம் போனு அவகிட்ட போயிரும். எடுத்துகிட்டு வேப்பமரத்துக்கு அந்தாண்ட போயிருவா. வரப்ப மூஞ்சியப் பாத்தாலே தெரியும், அழுதாளா சிரிச்சாளான்னு. இதெல்லாம் எழுதலாமா?"

"இதத்தாம்மா எழுதணும்."

உள்ள ஒரு தடவ எட்டிப் பாத்தாங்க. மலர் அடுப்படியில இருந்தா.

கொரல கொறச்சுகிட்டு சொன்னாங்க... "அவ இங்க இருக்குறது எனக்கு நல்லாத்தான் இருக்கு. அத மட்டும் எழுதிப்புடாத. எழுதுனா, செரி மாமியாளுக்குத் தொணயா இங்கயே இருக்கட்டும்னுருவான் வெள்ளக்காரன்."

நான் லேப்டாப்புல இருந்து கைய எடுத்துட்டேன்.

"நான் ஒத்தையில இருந்துக்குவேன்னு எழுது."

"இருந்துக்குவீங்களாம்மா?"

"எழுதுன்னா எழுது டீச்சரு."

எழுதுனேன். அப்பறம் அவங்களுக்குத் தமிழ்ல ஒரு தடவ படிச்சுக் காட்டுனேன். தலையாட்டிட்டு, கைய நல்லா தேச்சுக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போட்டாங்க.

இந்தத் தடவ விசா கெடச்சிருச்சு.

திருச்சி ஏர்போர்ட்டுக்கு கார் வந்தப்ப மலர் அவங்க கால்ல வுழுந்து எந்திரிக்கவே இல்ல. "நல்ல நேரம் போவுது, கெளம்பு"ன்னு தூக்கி விட்டாங்க. வாசலுக்குக்கூட வரல. "ஒலையில அரிசி கெடக்கு, கொழைஞ்சிரும்"னு உள்ள போயிட்டாங்க.

கார்ல அவ அப்பா அம்மால்லாம் ஏறுனதால எனக்கு எடம் இல்ல. சொல்லிட்டுப் போலாம்னு அடுப்படிக்குப் போனேன். சோத்த வடிச்சிட்டு நின்னுகிட்டு இருந்தாங்க. ரெண்டு பேருக்கு ஆக்கியிருந்தாங்க... "பழக்கத்துல போட்டுட்டேன். நீ சாப்ட்டுட்டுப் போ தாயி."

அதெல்லாம் ஆயி ஏழெட்டு வருசம் இருக்கும்.

இப்ப மலருக்கு ஒரு பையன். அம்மாவையும் கூப்டுக்கணும்னு கதிர் எவ்வளவோ பாத்தாரு. பொண்டாட்டிக்கு விசா வாங்குற மாதிரி இல்லியாம், பெத்தவங்களுக்கு லேசுல குடுக்க மாட்டாங்களாம். நானும் லெட்டர் எழுதிக் குடுத்தேன். நடக்கல. மலரும் கதிரும் ஊருக்கு ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போனாங்க.

போன மாசம் நான் அந்தம்மாவப் பாக்கப் போயிருந்தப்ப வீடியோ கால் போட்டுக் குடுத்தேன். பேரன் ஹாய் சொல்லிட்டு ஓடிட்டான். அப்பறம் மாமியாளும் மருமவளும்தான்.

"சாப்டீங்களா அத்த?"

"ஆச்சு. நீயி?"

"இனிமேதான். அங்க மழையா?"

"எங்க... வெயிலுதான்."

அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வரல. ஒரே வூட்ல இருந்தப்ப காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் பேச்சும் சண்டையுமா கெடந்தவங்க... மலர் கண்ணத் தொடச்சத நான் பாத்தேன். அவங்களும் பாத்துருப்பாங்க.

"வச்சிடு தாயி. ஒனக்கு வேல கெடக்கும்"னாங்க.

மலருக்கு நரகமா போன அந்த ரெண்டு வருசம்தான் இந்தம்மாவுக்கு ஆளு பேச்சோட இருந்த காலம். எப்படி யோசிச்சாலும் ரெண்டுல ஒண்ணு கெட்டுத்தான் ஆகணும் போல. அன்னிக்கு எழுதுனது சரிதான்... இன்னிக்குக் கேட்டாலும் எழுதுவேன்.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சேன். மலர் இருந்தப்பல்லாம் நான் கெளம்பும்போது அவங்க தலையக்கூட நிமிர்த்த மாட்டாங்க. "போயிட்டு வா"ன்னு வேலையப் பாப்பாங்க.

இப்ப ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்தாங்க.

"அடுத்த வாரம் வருவியா டீச்சரு?"