சென்னியப்பன் விற்ற ஒரே ஒரு மீன் டின்

பெரியநாயக்கன்பாளையத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் சென்னியப்பன், முட்டை வெந்த அடுப்பைக்கூடத் திரும்பிப் பார்க்காத சைவம். லேத்துப் பட்டறைகளில் வேலை பார்க்கும் வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள் என்று ஒரு பெட்டி மீன் டின் வாங்கிப்போட்டார். அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாள் மாதத்தில் சாமி படத்துக்குக் கீழே மீன் இருக்கலாமா? பெட்டி மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குப் போனது. அந்த மாதம் அடித்த வெயிலில் கொட்டகைக்குள் அப்பளமே பொரிக்கலாம்.

ஐப்பசி பிறந்ததும் இறக்கினால், டின்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன.

“பாரு பூவாத்தா, கம்பெனிக்காரன் எப்படி அமுக்கி அமுக்கி அடைச்சிருக்கான்!” என்று மனைவியிடம் பெருமையடித்து, முன்வரிசையில் அடுக்கினார்.

முற்பகலில் ஒரு டின் வெடித்தது. மூடி குருடிமலையைச் சுற்றிவிட்டு வந்தது என்கிறார்கள்; நான் பாதி மலை வரைக்கும்தான் நம்புகிறேன். நாற்றத்துக்குத் தெருநாய்கள் ஊரைக் காலி செய்தன. பக்கத்து பேக்கரியில் சோதனை போட்டுக்கொண்டிருந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரி தேஜஸ்ரீ, துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியபடி வந்துவிட்டார்.

“ஏனுங்க, டின் உப்பினா உள்ளே கெட்டுப்போச்சுன்னு அர்த்தமுங்க. தின்னா உசுருக்கே ஆபத்து. எல்லாத்தையும் பறிமுதல் பண்றேன். ஏதாச்சும் வித்தீங்களா? வித்திருந்தா கடையைச் சாத்த வேண்டி வருமுங்க.”

அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் பூவாத்தாள் ‘இல்லைன்னு சொல்லுங்க’ என்று தலையை ஆட்டிய ஆட்டில் கொண்டையே அவிழ்ந்துவிட்டது. சென்னியப்பன் கடையைப் பார்த்தார்.

“ஒரு மாசமா மொட்டை மாடி வெயில்ல கெடந்த டின்னுங்க, ஒண்ணு வித்துப்போட்டேனுங்க. பட்டறை ஆரிஃப், மத்தியானச் சோத்துக்குன்னு வாங்கிட்டுப் போனாப்டி.”

சொல்லி முடிக்கும்போதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பட்டறைக்குள் ஆரிஃப், ஸ்க்ரூ டிரைவரை டின்னின் மேல் நிறுத்திச் சுத்தியலை ஓங்கியிருந்தான்.

“தம்பி, தொறக்காதே!” என்று பாய்ந்து பிடுங்கினார்.

“அண்ணா, பசிக்குதுண்ணா!”

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த தேஜஸ்ரீ அந்த டின்னையும் வாங்கிச் சாக்குக்குள் போட்டுச் சீல் வைத்தார். “நீங்களே சொன்னதால எச்சரிக்கையோட விடறேனுங்க. இன்னொருக்கா டின்னை வெயில்ல வாட்டினீங்க, பூட்டு நானே கொண்டாருவேன்.”

“பூட்டு கெடக்கட்டும், அந்தத் தம்பிய ஊட்டுக்குக் கூட்டியாங்க, பட்டினியா நிக்கிறாப்ல,” என்றாள், கொண்டையை முடிந்தபடி பட்டறைக்கு வந்து சேர்ந்த பூவாத்தாள்.

மறுநாளும் ஆரிஃப் கடைக்கு வந்தான்.

“மீனெல்லாம் வேண்டாம்ண்ணா. அக்கா நேத்துச் சோத்துக்கு ஊத்தின அந்தக் கொள்ளு மறுபடி எப்பக் கடைவாங்க?”